ஜப்பானில் குழந்தை வளர்ப்பு: பிறந்த பதினான்காம் நாள் முதல் பள்ளிப் பை வரை

ஜப்பானில் பிள்ளை வளர்க்கும் வெளிநாட்டவரைக் கேட்டால் மொழிதான் கஷ்டம் என்பார்கள். மொழியைச் சைகையாலும் செல்போன் கேமராவாலும் சமாளித்துவிடலாம். கையைக் கடிப்பது தேதி. பிறப்புப் பதிவுக்கு 14 நாள், உதவித்தொகைக்கு 15 நாள், விசாவுக்கு 30 நாள், காப்பகத்துக்கு முந்தைய இலையுதிர் காலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது. அதைத் தவறவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். சிரித்த முகத்தோடு "முடியாது" என்று மட்டும் சொல்வார்கள். அதனால் இந்த வழிகாட்டி கெடுக்களின் வரிசையிலேயே போகிறது. ஜப்பானியச் சொற்களைக் காதில் விழுகிற மாதிரி எழுதியிருக்கிறோம். கவுன்ட்டரில் அப்படியே சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பிறப்பதற்கு முன்

கர்ப்பம் உறுதியானதும் வார்டு அலுவலகத்தில் (குயாகுஷோ, அல்லது நகரமானால் ஷியாகுஷோ) தகவல் கொடுக்க வேண்டும். அன்றே "போஷி தெச்சோ" எனும் தாய்சேய் கையேட்டையும், பரிசோதனைக்கான 14 கூப்பன்களையும் தருவார்கள். கூப்பன் வாங்குவதற்கு முன் செய்த பரிசோதனைக்கு முழுப் பணமும் நம் கையிலிருந்துதான். கையேடு ஆங்கிலம், நேபாளி உட்படச் சில மொழிகளில் ஜப்பானியத்தோடு சேர்த்து அச்சாகிறது, தமிழில் இல்லை. ஆங்கிலப் பதிப்பு வேண்டுமென்று அப்போதே கேளுங்கள். பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை எல்லா ஊசியும் எடையும் அந்த ஒரே புத்தகத்தில்தான் பதிவாகும்.

பிரசவத்துக்கு மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஒருமுறைத் தொகை 5,00,000 யென் (2023 ஏப்ரல் முதல்). வழக்கமாக அது நேரே மருத்துவமனைக்குப் போய்விடும். பில் கூடினால் மிச்சத்தை நாம் கட்டுகிறோம். பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் இந்தத் தொகையையே மறந்துவிடுகிறார்கள். தாய் ஜப்பானியக் காப்பீட்டில் தொடர்ந்து இருந்தால் வெளிநாட்டுப் பிரசவத்துக்கும் 4,88,000 யென் உண்டு. பிறப்புச் சான்றிதழ், அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றோடு 2 வருடத்துக்குள் கேட்க வேண்டும். ஆனால் ஊரில் பிறந்த குழந்தையை இங்கே அழைத்து வர, முதலில் ஜப்பானியக் குடியேற்ற அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழ் வாங்கி, பிறகு விசா எடுக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 30 நாள்

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது ஒரு பெரிய தாள் கைக்கு வரும். வலது பாதி டாக்டரோ மருத்துவச்சியோ நிரப்பிய பிறப்புச் சான்று. இடது பாதி நாம் நிரப்ப வேண்டிய "ஷுஷ்ஷோ தொதொகெ", அதாவது பிறப்பு அறிவிப்பு. பெற்றோர் வெளிநாட்டவராக இருந்தாலும் இது கட்டாயம். பிறந்த நாளையே முதல் நாளாக எண்ணி 14 நாள். 3ஆம் தேதி பிறந்தால் 16ஆம் தேதி கடைசி.

குழந்தைக்கு 16 நாள் கழித்துப் பெயர் வைப்பது, ஊரில் ஜோசியர் எழுத்துச் சொல்லும்வரை காத்திருப்பது என்பதெல்லாம் இந்தக் கெடுவோடு முட்டிக்கொள்ளும். விழாவை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் இரண்டாம் வாரத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். காலியாக விட்டுப் பிறகு சேர்க்க வழியுண்டு. ஆனால் அதைத் தொடர்ந்து வரும் எல்லா வேலையும் நின்றுவிடும்.

ஒரே நாளில், ஒரே கட்டடத்தில் இந்த வரிசையில் முடிக்கலாம்:

1. பிறப்பு அறிவிப்பைக் கொடுத்து, "ஜுரி ஷோமெய்ஷோ" (ஏற்புச் சான்றிதழ், ஒன்று 350 யென்) இரண்டு வாங்குங்கள். கூடவே "கிசாய்ஜிகோ ஷோமெய்ஷோ" ஒன்று. இதில்தான் பெற்றோர் பெயர், பிறந்த இடம், நேரம் எல்லாம் இருக்கும்.
2. குடும்பத்தினர் அனைவரும் உள்ள வசிப்பிடச் சான்று (ஜூமின்ஹ்யோ) மூன்று. உறவுமுறை அச்சாக வேண்டும், மை நம்பர் (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) அச்சாகக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். எண் அச்சான தாளைக் குடியேற்ற அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள்.
3. குழந்தை உதவித்தொகை, "ஜிதோ தெஆதெ". 3 வயதுவரை மாதம் 15,000, பிறகு உயர்நிலைப் பள்ளி வயது முடியும்வரை 10,000, மூன்றாவது பிள்ளை முதல் 30,000 யென். 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பு கிடையாது. இரட்டைப்படை மாதங்களில் கணக்குக்கு வரும். விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல்தான் கணக்கு. பிறந்த மறுநாளிலிருந்து 15 நாளுக்குள் கொடுத்தால் மாதம் மாறிப் போனாலும் நஷ்டமில்லை. 16ஆம் நாள் கொடுத்தால் ஒரு மாதத் தொகை போய்விடக்கூடும். ஏதாவது தாள் குறைந்தாலும் விண்ணப்பத்தை அன்றே கொடுத்துவிட்டு, குறையை அப்புறம் நிரப்புங்கள்.
4. குழந்தை மருத்துவச் சலுகை அட்டை. டோக்கியோவின் 23 வார்டுகளிலும் 18 வயது முடியும் கல்வியாண்டுவரை காப்பீட்டு மருத்துவம் இலவசம். மற்ற ஊர்களில் வயதும் தொகையும் மாறும். இதற்குக் குழந்தையின் காப்பீட்டு எண் வேண்டும். ஆகவே பிறந்த அன்றே கம்பெனி எச்ஆருக்குச் சொல்லிக் குழந்தையைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2024 டிசம்பருக்குப் பிறகு புதிய காப்பீட்டு அட்டை அச்சிடுவதில்லை. மை நம்பர் கார்டு வரும்வரை "ஷிகாகு காகுனின்ஷோ" என்ற உறுதிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

டோக்கியோவில் இருப்பவர்களுக்கு மாநகர அரசு தனியாக மாதம் 5,000 யென் தருகிறது. அதற்குத் தனி விண்ணப்பம்.

அடுத்தது குடியேற்ற அலுவலகம். ஜப்பானில் பிறந்ததால் ஜப்பானியக் குடியுரிமை கிடைக்காது. குழந்தைக்கு 60 நாள்வரை எந்த அனுமதியும் இல்லாமல் இருக்கலாம்; அதற்கு மேல் தங்குவதாக இருந்தால் 30 நாளுக்குள் வசிப்பு அந்தஸ்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை, புகைப்படம் வேண்டாம், பாஸ்போர்ட் இன்னும் வராவிட்டாலும் பரவாயில்லை. பெற்றோரில் ஒருவர் நிரந்தர வசிப்புரிமை உள்ளவரானால் இந்த 30 நாள் தங்கத்துக்குச் சமம். அதற்குள் கேட்டால் குழந்தையும் நேரே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். தவறினால் வேறு வகை விசாவில் தொடங்கி, பல வருடம் கழித்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

இந்தியப் பெற்றோருக்கு இன்னொரு கெடு: குழந்தை பிறந்த ஒரு வருடத்துக்குள் டோக்கியோ தூதரகத்திலோ ஒசாகா-கோபே துணைத் தூதரகத்திலோ பிறப்பைப் பதிய வேண்டும். பாட்டி தாத்தாவிடம் காட்ட டிக்கெட் போடுவதற்கு முன் குழந்தையின் பாஸ்போர்ட், வசிப்பு அட்டை இரண்டும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரும் உரிமை இல்லை.

பெயர் என்ற தனிச் சிக்கல்

ஜப்பானில் ஒரு குடும்பத்துக்கு ஒரு குடும்பப்பெயர். நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் அந்த இடத்தில் நிற்கிறது. அப்பா கார்த்திக் சுந்தரம், அம்மா மீனா ராஜன், பிள்ளை நிலா கார்த்திக் என்று வைத்தால் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப்பெயர். வரவேற்பு மேசையில் இருப்பவர் "கார்த்திக்-சான்" என்று கூப்பிட்டால், அது மூன்று மாதக் குழந்தையைக் குறிக்கும். அப்பா எழுந்து போகலாம், தப்பில்லை; ஆனால் படிவத்தில் "குடும்பப்பெயர் ஏன் வேறு?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். இரண்டு வழி உண்டு. அப்பாவின் பாஸ்போர்ட் குடும்பப்பெயரையே (சுந்தரம்) பிள்ளைக்கும் வைத்துவிடலாம். அல்லது நம் வழக்கப்படியே வைத்துவிட்டு, உறவுமுறை அச்சான வசிப்பிடச் சான்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். முதல் வழியில் வாழ்க்கை சுலபம். இரண்டாவது தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

எதைத் தேர்ந்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் நாளே உறுதி செய்யுங்கள். பிறப்பு அறிவிப்பில் கதகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) எழுதி, பக்கத்தில் ரோமன் எழுத்திலும் எழுதுவார்கள். அங்கே ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்றானால் திருத்த அலைய வேண்டும். கதகானாவில் ழ, ள, ற வேறுபாடு கிடையாது, நெடில் இருக்கிறது. கோடு போட்டு நீட்டுவதா வேண்டாமா என்று ஒருமுறை முடிவெடுத்து, மருத்துவமனை, காப்பகம், வங்கி எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

தடுப்பூசியும் டாக்டரும்

இரண்டாம் மாதம் முடிந்ததும் ஊசி தொடங்கும்: ரோட்டா சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி, நியூமோகாக்கஸ், ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி (2024 ஏப்ரல் முதல்). எல்லாம் ஒரே நாளில் போடலாம். நகராட்சி அனுப்பும் "யோஷின்ஹ்யோ" கேள்வித்தாளை நிரப்பி, அன்று காலை வீட்டில் பார்த்த வெப்பத்தை எழுதிக் கையெழுத்திட்டு, போஷி தெச்சோவோடு கொண்டு போங்கள். இந்த இரண்டில் ஒன்றை மறந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 37.5 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசி இல்லை.

பிசிஜி இங்கே 5 முதல் 8 மாதத்துக்குள். ஊரில் போடுவது போல ஒரு ஊசி அல்ல. ஒன்பது முள் கொண்ட முத்திரையை மேல்கையில் இரண்டு தடவை அழுத்துவார்கள், 18 புள்ளி விழும். ஊரில் பிறந்து அங்கேயே பிசிஜி போட்டிருந்தால் திரும்பப் போட வேண்டாம். தேதியுள்ள அட்டையைக் காட்டினால் போதும். தட்டம்மை-ருபெல்லா ஊசியில்தான் குழப்பம் வரும். இந்தியாவில் 9 மாதத்தில் போடுகிறார்கள், ஜப்பானில் 1 வயதில். ஒரு வயதுக்கு முன் போட்டதை இங்கே கணக்கில் எடுப்பதில்லை; 1 வயதில் மறுபடி போட வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி வழக்கமாக 3 வயதில் தொடங்கும். பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி சொந்தச் செலவு. சில நகராட்சிகளில் மானியம் உண்டு.

3 வயதுப் பரிசோதனைக்கு முன் வீட்டுக்கு ஒரு உறை வரும். உள்ளே கண் சோதனைத் தாள், காது சோதனைக்கான படங்கள், சிறுநீர்க் குப்பி. கண் சோதனையை வீட்டில் 2.5 மீட்டர் தள்ளி நின்று நாமே செய்ய வேண்டும். "பிள்ளை ஒத்துழைக்கவில்லை" என்று காலியாகக் கொண்டு போவது சகஜம். ஆனால் சோம்பேறிக் கண் பிடிபடும் வயது இதுதான், அதனால் தூக்கக் கலக்கம் இல்லாத ஒரு காலையில் விளையாட்டாகச் செய்து பாருங்கள்.

காய்ச்சலென்று போனால் ஊசி போட மாட்டார்கள். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்கும் பெரும்பாலும் கிடையாது. பாராசிட்டமால் தூளோ, ஆசனவாயில் வைக்கும் "ஸாயாகு" மாத்திரையோ தருவார்கள். ஸாயாகு ஃபிரிஜ்ஜில் இருக்கட்டும். தம்பிக்குக் கொடுத்ததை அக்காவுக்கு வைக்காதீர்கள், அளவு எடையைப் பொறுத்தது. மருந்துச் சீட்டு எழுதிய நாளையும் சேர்த்து 4 நாள்தான் செல்லும். இரவில் போவதா வேண்டாமா என்று தெரியாவிட்டால் #8000 அழைத்தால் குழந்தை மருத்துவம் தெரிந்த நர்ஸோ டாக்டரோ பேசுவார். ஆம்புலன்ஸ் 119, கட்டணம் இல்லை.

ஹொய்குஎன்: இடம் பிடிப்பது

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால் ஹொய்குஎன், அதாவது நாள் முழுதும் பார்த்துக்கொள்ளும் காப்பகம். ஒருவர் வீட்டில் இருந்தால் 3 வயதில் யோச்சியென், அதாவது மழலையர் பள்ளி. அது பகல் 2 மணி வாக்கில் முடிந்துவிடும். அரசு அங்கீகாரம் பெற்ற "நின்கா" ஹொய்குஎனுக்கு நகராட்சியிடம் விண்ணப்பம். மற்றவற்றுக்கு நேரே அங்கேயே.

இடம் கிடைப்பது மதிப்பெண்ணால். இருவரின் வேலை நேரத்துக்கும் தனித்தனிப் புள்ளி உண்டு, கூட்டிக் கழித்து வரிசைப்படுத்துவார்கள். டிபெண்டன்ட் விசாவில் உள்ள மனைவியோ கணவனோ வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதுவும் தனி அனுமதி வாங்கிய பிறகு. நாலு வாரத்துக்கு 112 மணி நேரம். "முழு நேர" வகைக்குப் பொதுவான அளவுகோல் மாதம் 120. அதனால் அப்படிப்பட்ட குடும்பத்துக்கு நாளுக்கு 11 மணி நேரப் பராமரிப்புக்குப் பதில் 8 மணி நேர வகையே கிடைக்கும், புள்ளியும் குறையும். வேலை தேடுகிறேன் என்று போட்டால் புள்ளி இன்னும் அடிமட்டம். இடம் கிடைத்தாலும் ஏறத்தாழ 3 மாதத்தில் வேலைச் சான்று காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது இப்படி. கோடையிலேயே நடை தூரத்தில் உள்ள காப்பகங்களுக்குப் போன் செய்து பார்வைக்கு (கென்காகு) நேரம் வாங்குங்கள். இலையுதிர் காலத் தொடக்கத்தில் நகராட்சியின் விண்ணப்பக் கையேட்டை வாங்குங்கள். கெடு பொதுவாக அக்டோபர் முதல் டிசம்பருக்குள், ஊருக்கு ஊர் மாறும். "ஷூரோ ஷோமெய்ஷோ" என்ற வேலைச் சான்றிதழை கம்பெனி நிரப்ப வேண்டும், எச்ஆருக்கு மூன்று வாரமாவது கொடுங்கள். விருப்பப் பட்டியலில் இரண்டே காப்பகம் எழுதி இடம் கிடைக்காமல் போகிறவர்கள் நிறைய. போய்வர முடியும் என்கிற அத்தனையையும் எழுதுங்கள். முடிவு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ. கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்று உண்டு.

சேர ஏற்ற மாதம் ஏப்ரல். ஏப்ரல் 1ஆம் தேதி என்ன வயதோ அந்த வகுப்பு. 0 வயது வகுப்பில் மூன்று குழந்தைக்கு ஓர் ஆசிரியர், 1 வயதில் ஆறுக்கு ஒருவர். 0 வகுப்புப் பிள்ளைகள் அப்படியே மேலே போவதால் 1 வயதில் புதிதாகத் திறக்கும் இடம் கொஞ்சம்தான்; மகப்பேறு விடுப்பு முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் மோதுகிறார்கள்.

கட்டணம்: 3 முதல் 5 வயது வகுப்பு 2019 அக்டோபரிலிருந்து இலவசம்; சாப்பாட்டுப் பணம் தனி. அதற்குக் கீழ் உள்ள வகுப்புக்கு, பெற்றோர் கட்டும் உள்ளூர் வரியைப் பார்த்துக் கட்டணம் (டோக்கியோவில் 2025 செப்டம்பர் முதல் முதல் குழந்தைக்கும் கட்டணம் நீக்கப்பட்டது). போன வருடம் வெளிநாட்டில் சம்பாதித்தவருக்கு இங்கே வரி விவரம் இருக்காது. வெளிநாட்டுச் சம்பளச் சான்றைக் கொடுக்காவிட்டால் பல நகராட்சிகள் உச்ச கட்டணத்தைப் போட்டுவிடும். பழைய கம்பெனியின் சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இடம் கிடைத்தாலும் முதல் நாளே முழு நேரம் விட முடியாது. "நராஷி ஹொய்கு" என்ற பழக்கக் காலம்: முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் மதியச் சாப்பாடுவரை, அப்புறம் தூக்கம்வரை என்று ஒன்று இரண்டு வாரம் ஆகும். வேலைக்குத் திரும்பும் தேதியை இதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிப் பை

1 வயது வகுப்புக்கு ஒரு நாளுக்கு ஏறக்குறைய இவ்வளவு போகும்: டயப்பர் 5, மாற்றுத் துணி 2 ஜோடி, சாப்பாட்டு ஏப்ரன் 2, ஈரத் துண்டு (ஒஷிபோரி) 3, அழுக்குத் துணிக்குப் பிளாஸ்டிக் பை. திங்கள் காலையில் மெத்தை உறையும் போர்வையும் கூடுதல். வெள்ளி மாலை அவை துவைக்க வீட்டுக்குத் திரும்பும்.

எல்லாவற்றிலும் பெயர் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் என்றால் ஒவ்வொரு டயப்பரிலும், ஒவ்வொரு காலுறையிலும். ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் கதகானாவில் ஒரு ரப்பர் முத்திரையும், துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒட்டும் எண்ணெய் மையும் வாங்கிவிட்டால் 60 டயப்பர் பாக்கெட் ஐந்து நிமிட வேலை. பேனாவால் எழுதினால் மூன்றாம் வாரம் வெறுத்துப் போகும். ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். வகுப்பில் டயப்பர் மாற்றுகிறவர் ஒரு நொடியில் படிக்க வேண்டும்.

உடுப்பில் தொப்பித் துணி (ஹூட்) இருக்கக் கூடாது, கழுத்தில் நாடா கூடாது. சறுக்குமரத்தில் மாட்டினால் கழுத்து இறுகும். தோடு, கொலுசு, வளையல், அரைஞாண் கயிறு பெரும்பாலான இடங்களில் கழற்றச் சொல்வார்கள். காரணம் மதமோ பழக்கமோ அல்ல. கீழே விழுந்த தோட்டுத் திருகாணியை இன்னொரு குழந்தை விழுங்கிவிடும், கயிறு எதிலாவது சிக்கும். காது குத்துவதாக இருந்தால் புண் ஆறும்வரை தோட்டைக் கழற்ற முடியாது. நீண்ட விடுமுறையைப் பார்த்துச் செய்யுங்கள், இல்லையென்றால் காதுத் துளை மூடிக்கொள்ளும்.

அப்புறம் "ரென்ராகுச்சோ", தகவல் நோட்டு அல்லது செயலி. நேற்று மாலை என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தது, மலம் போனதா, எப்படி இருந்தது, காலை வெப்பம் எவ்வளவு, யார் எத்தனை மணிக்கு அழைக்க வருவார். இட்லி சாப்பிட்டதென்றால் "அரிசி, உளுந்து ஆவியில் வேகவைத்தது" என்று எழுதுங்கள். பகலில் வாந்தி எடுத்தால் இந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆசிரியரின் கையெழுத்தைக் கேமரா மொழிபெயர்ப்பு தடுமாறியே படிக்கும். "ஹிராகானா தெ ஒனெகாய் ஷிமஸு" (எளிய ஹிராகானா எழுத்தில் எழுதுங்கள்) என்று கேட்டுக்கொண்டால் அச்சு மாதிரி எழுதித் தருவார்கள்.

கோடையில் தண்ணீர் விளையாட்டுச் சீட்டு ஒன்று சேரும். தினமும் வெப்பமும், "சரி" என்ற குறியும், பெற்றோர் முத்திரையோ கையெழுத்தோ வேண்டும். ஒன்று விடுபட்டாலும் மற்ற பிள்ளைகள் தண்ணீரில் ஆட, நம் பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கும். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இறக்க அவர்களுக்கு உரிமை இல்லை, கெஞ்சிப் பயனில்லை. முந்தைய இரவே மற்றதை நிரப்பி, காலையில் வெப்பத்தை மட்டும் எழுதுங்கள்.

சைவப் பிள்ளையும் மீன் சாறும்

மதிய உணவு அங்கேயே சமைப்பது; நன்றாகவே இருக்கும். சைவக் குடும்பங்களுக்குத்தான் கவனம் வேண்டும். "நிகு நாஷி" (கறி வேண்டாம்) என்று சொன்னால் கறித் துண்டுகளை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தருவார்கள். சூப், கீரை, பீன்ஸ் எல்லாம் "தாஷி" எனும் சாற்றில் வெந்தது. அது பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுத்தது. "கரே" எனும் ஜப்பானியக் குழம்புக்கான மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்பு, ஜெல்லியில் ஜெலட்டின், ரொட்டியில் பன்றிக் கொழுப்பு, கன்சோமே எனும் தெளிந்த சூப்பில் கோழி அல்லது மாட்டுச் சாறு இருக்கக்கூடும். எதுவரை ஏற்பீர்கள் என்று முதலில் வீட்டில் முடிவு செய்யுங்கள். துண்டு வேண்டாம், சாறு பரவாயில்லை என்றால் பல காப்பகங்கள் சமாளித்துவிடும். சாறும் வேண்டாம் என்றால் தினமும் டப்பாதான். அதற்கு அனுமதிக்கிறார்களா என்று பார்வைக்குப் போகும் நாளிலேயே கேளுங்கள்.

அலர்ஜி என்று பொய் சொல்லி வேலையை முடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். அலர்ஜிக்கு டாக்டர் நிரப்பும் தனிப் படிவம் உண்டு, வருடா வருடம் புதுப்பிக்கக் கேட்பார்கள். "ஷூக்யோ ஜோ நோ ரியூ", மதக் காரணம் என்பதே போதுமான பதில்.

மாதக் கடைசியில் அடுத்த மாத உணவுப் பட்டியல் (கொன்தாதெ) வரும். ஒரு பிரதி எடுத்து, சாப்பிடக் கூடாததைச் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுங்கள். மாற்று உணவு அனுப்பும் நாளில் பார்வைக்கு ஒத்ததாக அனுப்பினால் பிள்ளைக்குச் சுலபம்: மீன் வறுவல் நாளில் டோஃபு வறுவல், ஜெல்லி நாளில் அகர் அகர். கைக்குழந்தையானால் வேறொரு தாள் வரும்: ஒவ்வொரு உணவுப் பொருளையும் வீட்டில் கொடுத்துப் பார்த்த தேதியை எழுத வேண்டும். வீட்டில் சாப்பிடாததை அங்கே முதன்முதலாகக் கொடுக்க மாட்டார்கள்.

போன் வரும் நாள்

வெப்பம் 37.5 தாண்டினால் பொதுவாக அழைப்பு வரும். முதல் வருடம் இது அடிக்கடி நடக்கும். இருவரில் யார் எந்தக் கிழமை ஓடுவது என்று முன்பே பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். நோயாளிக் குழந்தைக் காப்பகம் (ப்யோஜி ஹொய்கு) உண்டு, ஆனால் பிள்ளை நலமாக இருக்கும்போதே பதிந்து வைக்க வேண்டும்.

இன்ஃப்ளூயன்சாவில் திரும்ப அனுப்பும் நாளைத் தப்பாக எண்ணுகிறவர்கள் அதிகம். விதி: காய்ச்சல் தொடங்கி 5 நாள் கழிய வேண்டும், இறங்கிய பிறகு சிறு குழந்தைக்கு 3 நாள் (பள்ளிப் பிள்ளைக்கு 2 நாள்) கழிய வேண்டும்; இரண்டும் சேர வேண்டும். தொடங்கிய நாளும் இறங்கிய நாளும் பூஜ்யம். திங்கள் தொடங்கி வியாழன் இறங்கினால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். அடுத்த திங்கள் போகலாம்.

போக்குவரத்தில் ஒரே ஒரு குறிப்பு. குழந்தை இருக்கை உள்ள சைக்கிளில் பயங்கரம் ஓடும்போது அல்ல, நிற்கும்போது. இரண்டு பிள்ளைகளை ஏற்றுவதென்றால் பின்னிருக்கை முதலில், பிறகு முன். இறக்கும்போது முன் முதலில். ஏற்றிவிட்டுக் கையை எடுக்காதீர்கள். டோக்கியோவில் சைக்கிள் காப்பீடு கட்டாயம்.

பள்ளி

வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக் கல்வி இங்கே சட்டப்படிக் கட்டாயமில்லை. கேட்டால் இடம் நிச்சயம் உண்டு. அந்த "கேட்டால்" முக்கியம். ஏப்ரல் 1க்குள் 6 வயது முடியும் பிள்ளைக்கு முந்தைய வருடம் நகராட்சியிலிருந்து அறிவிப்பு வரும். அதிலுள்ள விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால்தான் சேர்க்கை. ஜப்பானியப் பெற்றோருக்கு இந்தப் படியே கிடையாது, ஆகவே பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் "தானாக வரும்" என்பார். உடல்நலப் பரிசோதனை நவம்பர் முடிவுக்குள், பெற்றோர் விளக்கக் கூட்டம் ஜனவரி அல்லது பிப்ரவரியில். டோக்கியோவில் எதோகாவா பக்கம் இருப்பவர்களுக்கு இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் உண்டு. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் யோசிக்கலாம்; இங்கேயே தங்குவதாக இருந்தால் உள்ளூர்ப் பள்ளியே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

பாடப்புத்தகம் இலவசம். வாங்க வேண்டியவை: உள்காலணி, உடற்பயிற்சி உடை, நிலநடுக்கத் தலையணைத் தொப்பி, கணக்குப் பெட்டி. முதுகுப் பை (ரந்தோசெரு) பல பத்தாயிரம் யென் ஆகும். சட்டப்படிக் கட்டாயமில்லை, ஆனால் வகுப்பில் எல்லாரிடமும் இருக்கும். கணக்குப் பெட்டிக்குள் எண்ணும் குச்சி, பூ வில்லை, சின்னச் சின்ன அட்டை எனக் கைநிறையத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் பெயர் வேண்டும். அதற்கென்றே மிகச் சிறிய ஒட்டுச் சீட்டுத் தொகுப்பு விற்கிறார்கள். ஒரு சிறிய இடுக்கி இருந்தால் ஒரு மாலையில் முடியும்.

வேலைக்குப் போகும் பெற்றோர் இன்னொன்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டும்: பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பான "காகுதோ". ஹொய்குஎனில் மாலை ஏழுவரை இருந்த பிள்ளை, பள்ளியில் முதல் சில வாரம் மதியத்துக்குள்ளேயே வீட்டு வாசலில் நிற்கும். காகுதோ ஏப்ரல் 1 முதலே, பள்ளித் தொடக்க விழாவுக்கு முன்பே ஏற்கும்; பதிவு பல ஊர்களில் முந்தைய இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும்.

முதல் வாரத்தில் பிள்ளையின் பையிலிருந்து வரும் தாள்களில் ஒன்று அவசரத் தொடர்பு அட்டை. பெரிய நிலநடுக்கம் வந்தால் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டார்கள், அட்டையில் பெயர் உள்ளவரிடம்தான் ஒப்படைப்பார்கள். அதற்கு ஒத்திகையும் நடத்துவார்கள். ரயில் நின்றால் பெற்றோர் இருவரும் அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே மூன்றாம் வரியில் ஊரிலிருக்கும் தாத்தாவை எழுதாமல், நடந்து பள்ளிக்கு வரக்கூடிய ஒரு பக்கத்துக் குடும்பத்தைக் கேட்டு, அவர்கள் பெயரை எழுதுங்கள். அவர்கள் அட்டையில் உங்கள் பெயர் இருக்கட்டும்.